தூங்குகிற தொண்ணூறு வீதம்

2025 செப்ரெம்பர் 8, திங்கள்

இன்று விஞ்ஞானப் பாடம் நடக்கவில்லை. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் மண்டபத்தில் கூட்டி இருத்தினார்கள். ஜனார்த்தனன் சேர் என்று ஒருவர் வந்திருந்தார். மூளை விழிப்புப் பயிற்சி நடத்துகிறவராம். மின்விசிறி சுற்றாத அந்த மண்டபத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் வியர்க்கவில்லை. மனிதன் தன் மூளையில் பத்து வீதத்தைத்தான் பாவிக்கிறான், மீதித் தொண்ணூறு வீதம் பிறந்த நாள் தொடக்கம் தூங்குகிறது, அதைத் தட்டி எழுப்பினால் சாதாரண தரப் பரீட்சை ஒரு விசயமே இல்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இதற்குள் பொய் எழுதக்கூடாது. தட்டினேன்.

கூட்டம் முடிய அம்மா தனியே போய் அவரிடம் ஏதோ கேட்டார். நான் பள்ளிக்கூடப் படலையடியில் நின்றேன். திரும்பி வந்த அம்மா சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தார். கண்டாவளை றோட்டுத் திரும்பும் இடத்தில் நின்று அழத் தொடங்கிவிட்டார்.

"அது அந்தத் தூங்கிற பக்கத்திலதான் கிடக்குதாம் பிள்ளை. ஒண்டுக்கும் உதவாத இடத்திலதான் பட்டிருக்குதாம்."

அது என்றால் என் தலைக்குள் இருக்கிற ஷெல் துண்டு. இடது காதுக்கு மேலே. 2009 ஏப்ரிலில் பட்டது, எனக்கு அப்போது இரண்டரை மாதம். படத்தில் பார்த்தால் ஒரு நெல்மணி அளவுதான். எடுக்கப் போனால் ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். ஒன்பது வயதில் முதல் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து காலையில் ஒரு குளிசை, இரவில் ஒரு குளிசை. துண்டு இருப்பது ஊருக்குத் தெரியும். வலிப்பு தெரியாது. அது அம்மா, அப்பா, நான், இந்த மூன்று பேருக்குள் மட்டும் இருக்கிற விசயம். பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒருத்தன் கேட்டு வர வேண்டும் என்பார் அம்மா.

அம்மா சந்தோசத்தில் அழுது நான் இதற்கு முதல் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அம்மாவும் அப்பாவும் படுத்த பிறகு நுளம்பு வலைக்குள்ளே போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வலிப்பு வந்தால் முந்தின நாள் நடந்தது சில நேரம் அழிந்துபோகும். எழுதிவைத்தால் அழியாது. கொப்பியின் மட்டையில் "வரலாறு" என்று பாடப்பெயர் போட்டிருக்கிறேன். அம்மா அதைத் திறக்க மாட்டார்.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

குளிசைப் போத்தலைக் காணவில்லை. குசினித் தட்டிலும் இல்லை, அலுமாரியிலும் இல்லை.

செப்ரெம்பர் 10, புதன்

அம்மாதான் எடுத்து வைத்திருக்கிறார். குளிசை தூங்குகிற மூளையை இன்னும் தூங்கப்பண்ணும் என்று அந்தச் சேர் சொன்னாராம். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் டொக்டர் சிவப்புப் பேனையால் எழுதிய வரியைக் காட்டினேன்: திடீரென நிறுத்தக்கூடாது. அம்மா கொப்பியை வாங்கி மூடிவிட்டு, ஏழு வருசமாக விழுங்கி என்ன கண்டாய் என்று கேட்டார்.

என்ன கண்டேனா? மூன்று வருசமாக ஒரு தடவையும் விழவில்லை. அதைத்தான் கண்டேன்.

அப்பாவிடம் போனேன். அவர் காலபோக விதைப்புக்கு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "உங்கம்மா பதினாறு வருசத்துக்குப் பிறகு சிரிக்கிறா. கொஞ்ச நாளைக்கு விடு மகள்."

அம்மா சிரிப்பதற்கு நான் விழ வேண்டுமா?

செப்ரெம்பர் 13, சனி

அந்தச் சேரின் முதல் வகுப்பு. பொதுநோக்கு மண்டபத்தில். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து இருபது பேருக்குக் கிட்ட வந்திருந்தார்கள். பாயில் படுக்கவைத்து, குழல் இசை போட்டு, உச்சந்தலையைத் தேய்க்கச் சொன்னார். பிறகு கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டி ஆளுக்கொரு நிற அட்டையை மடியில் வைத்தார்கள். மூளை விழித்துவிட்டால் கண் தேவையில்லையாம். நிறம் தானாகத் தெரியுமாம்.

தெரிந்தது. துணி மூக்கின் இரண்டு பக்கமும் ஒட்டவில்லை. நாடியைக் கொஞ்சம் உயர்த்தினால் மடியில் இருக்கிற அட்டை முழுதாகத் தெரிகிறது. நான் துணியைச் சாடையாக இழுத்துவிட்டு வரிசையைப் பார்த்தேன். இருபது பேரும் தண்ணி குடிக்கிற கோழி மாதிரி நாடியை உயர்த்திக்கொண்டு இருக்கிறார்கள். பச்சை, சேர். மஞ்சள், சேர். பின்னால் நின்ற தாய்மார் கண்ணைத் துடைக்கிறார்கள்.

பக்கத்தில் சுதாஜினி. ஆறாம் ஆண்டிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருப்பவள். காதுக்குள் கேட்டாள்.

"உனக்கும் கீழால தெரியுதோ?"

"ஓம்."

"சொல்லிப்போடாத. சொன்னா எங்கட மூளைதான் இன்னும் முழிக்கேல்லை எண்டுவினம்."

அதுதான் இதில் உள்ள கெட்டித்தனம். பொய் என்று சொல்கிறவள் மொக்கு ஆகிவிடுவாள். ஆகவே இருபது பேரும் வாயை மூடிக்கொண்டு பச்சை, மஞ்சள். நான் நீலம் என்றேன்.

செப்ரெம்பர் 17, புதன்

வந்துவிட்டது. சின்னது.

கிருசாந்தி ரீச்சர் சுவாசத் தொகுதி படிப்பித்துக்கொண்டிருந்தா. அடுத்தது எல்லாரும் என்னையே பாக்கினம். நடுவில ஒண்டும் இல்லை. யாரோ கதவைச் சாத்தித் திறந்த மாதிரி. பென்சில் கீழே கிடக்கிறது. எடுத்துத் தந்த சுதாஜினியிடம் நன்றி சொல்ல வாய் திறக்கிறேன், சொல் வரவில்லை. அந்தச் சொல் இருந்த இடமே இல்லை. அரை மணித்தியாலம் ஊமை மாதிரி இருந்தேன்.

ரீச்சர் பகிடியாகத்தான் சொன்னார், தர்மிளாவின் தொண்ணூறு வீதம் குறட்டை விடுகிறது என்று. பின்வாங்கில் இருந்து ஒருவன், "இரும்புக்கடை பூட்டியாச்சு ரீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. இரும்புக்கடை என்பது எனக்கு நாலாம் ஆண்டிலிருந்து உள்ள பெயர். பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

பழகவில்லை. எனக்கு அவ்வளவு பேரின் மண்டையையும் உடைக்க வேண்டும் போல இருந்தது. உடைத்து எந்த இடம் சும்மா கிடக்கிறது என்று தேட வேண்டும் போல இருந்தது.

துண்டு ஒன்றுக்கும் உதவாத இடத்தில் இருந்தால் இன்று என்னைச் சாத்தியது எது?

செப்ரெம்பர் 19, வெள்ளி

கிருசாந்தி ரீச்சரிடம் கேட்டேன். பத்து வீதம் என்றுதான் தானும் எங்கேயோ படித்ததாம். எங்கே என்று கேட்டேன். எங்கேயோ, என்றார். எதற்கும் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

இன்று ஒரு வேலை செய்தேன். இப்படி ஏன் முந்தி யோசிக்கவில்லை என்று என் மேலேயே கோபம்.

இந்த ஊரில் தலைக்குள் துண்டு போனவர்கள் என்னையும் சேர்த்து எனக்குத் தெரிய நாலு பேர். ஒருவரையும் மற்றவரோடு சேர்த்து வைத்து நான் பார்த்ததில்லை. கூப்பன் கடைக்குப் போகிற சாட்டில் மூன்று வீட்டுக்கும் போனேன்.

நல்லதம்பி மாமாவுக்குப் பின்மண்டையில் இடது பக்கம். இரண்டு கண்ணும் நல்ல சுத்தம், கண்ணாடியும் வேண்டாம் என்று கண் டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வலப்பக்கம் தெரியாது. சைக்கிளில் வந்தால் படலையின் வலது தூணில்தான் முட்டுவார். நேராகவே கேட்டேன், அந்தப் பக்கம் இருட்டாக இருக்குமா என்று. "இருட்டு எண்டா இருட்டெண்டு தெரியுமே பிள்ளை. எனக்கு அந்தப் பக்கத்தில ஊரே இல்லை" என்றார். பிறகு சிரித்தார். "மனிசி ஏச வெளிக்கிட்டா வலப்பக்கம் வந்து நிண்டு ஏசச் சொல்லுவன்."

ராக்காயி பெரியம்மாவுக்கு முன்நெற்றியில். துண்டை எடுத்துவிட்டார்கள், குழி இருக்கிறது. அவர் வாயைத் திறந்தால் தெருவில் நிற்க முடியாது, அவ்வளவு தூசணம். நினைத்த நேரம் சிரிப்பார், நினைத்த நேரம் கல்லெடுத்து எறிவார். முந்தி இப்படி இல்லையாமே என்று பயந்து பயந்து கேட்டேன். எறியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "கோவமே வராத பொம்பளையாம் நானு. எல்லாரும் சொல்றாக. அந்தப் பொம்பளய நான் பாத்ததே இல்ல புள்ள."

மேசன் அண்ணைக்குப் பிடரிக்குச் சற்று மேலே. ஒரு துளி தொடாத மனிதன், வெறிகாரன் மாதிரித்தான் நடப்பார். பொலிஸ் இரண்டு தடவை பிடித்திருக்கிறது. தூக்குக்குண்டைப் பிடித்தால் கை ஆடுகிறது, சுவர் கட்ட முடியாது. இப்போது கோழி வளர்க்கிறார்.

நாலாவது நான். இடது காதுக்கு மேல். எனக்குச் சொல் போகிறது.

நாலு பேர், நாலு இடம். ஒருவருக்குப் போனது மற்றவருக்குப் போகவில்லை. தலைக்குள் பட்டும் ஒன்றும் ஆகாதவர் எங்கேயாவது இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காணியென்றால் நாலு பேரில் ஒருவருக்காவது வெறுங்காணியில் விழுந்திருக்கக்கூடாதா? எங்கள் ஊருக்கு மட்டும் ஷெல் பார்த்துப் பார்த்தா விழுந்தது?

செப்ரெம்பர் 24, புதன்

ரீச்சர் என்னை ஆய்வுகூடத்துக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னார். பிழையாம். பத்து வீதம் என்பது யாரோ எப்போதோ கிளப்பிவிட்ட கதையாம். படம் பிடித்துப் பார்த்தால் மூளை முழுதும் வேலை செய்கிறதாம், நித்திரையிலும்கூட. எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி உழைப்பதில்லை, அவ்வளவுதானாம். நிறையில் அது உடம்பின் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது தனியே தின்கிறதாம்.

அதைக் கேட்டதும் எனக்கு வயல்தான் நினைவு வந்தது. வாய்க்கால் தண்ணிக்கு இங்கே மண்வெட்டியோடு அடிபடுகிறார்கள். பத்து ஏக்கரில் ஒரு ஏக்கரை விதைத்தவன் பத்து ஏக்கருக்கும் தண்ணி பாய்ச்சுவானா? எந்த விசரன் செய்வான்?

வகுப்பிலே இதைச் சொல்லுங்கள் ரீச்சர் என்றேன். அவர் மைதானத்தைப் பார்த்தார். அதிபர்தான் அந்த ஆளைக் கூப்பிட்டவராம். இந்த வருசம் தனக்கு இடமாற்றம் வர இருக்கிறதாம். "உனக்குத் தெரிஞ்சாக் காணும்தானே தர்மிளா."

காணாது. எனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? குளிசை என்னிடமா இருக்கிறது?

செப்ரெம்பர் 27, சனி

மூன்றாவது வகுப்பில் எழும்பிக் கேட்டேன். சேர், தூங்குகிற தொண்ணூறு வீதம் எந்தப் பக்கம் என்று என் தலையில் தொட்டுக் காட்டுங்கள்.

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இப்ப கேள்வி கேக்கிறதே, அதுதான் உம்முடைய பத்து வீதம். மிச்சம் கேள்வி கேக்காது. நம்பும்." எல்லோரும் சிரித்தார்கள். சுதாஜினியும்.

முடிந்த பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக் கதைத்தார். ஒக்ரோபர் 11ஆம் திகதி பெரிய நிகழ்ச்சியாம், கிளிநொச்சியில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்களாம். மேடையில் என்னைத்தான் கடைசியாக ஏற்றப் போகிறாராம். மூளைக்குள் இரும்போடு இருக்கிற பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கிறதைப் பார்த்தால் எத்தனை தாய்மாருக்கு நம்பிக்கை வரும், யோசித்துப் பாருங்கோ அம்மா.

அம்மா யோசிக்கவில்லை. ஓம் என்றுவிட்டார்.

செப்ரெம்பர் 30, செவ்வாய்

மறுபடியும் கதவு. இரண்டு தடவை. ஒருவரும் காணவில்லை.

ஒக்ரோபர் 2, வியாழன்

கை இன்னும் சரியாக எழுதவில்லை. நாக்குக் கடிபட்டுப் புண்.

சுதாஜினி சொன்னதை எழுதுகிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது. நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வாய்க்கால் கட்டு வழியாக வந்தோம். அவள் சைக்கிள் ஓட, நான் பின் கரியரில். நான் கதைத்துக்கொண்டு வந்தது நின்றுபோய், பாரம் ஒரு பக்கம் சாய, சைக்கிளோடு இரண்டு பேரும் விழுந்தோமாம். நான் தண்ணிக்குள் பாதி, கட்டின் மேல் பாதி. அவள் சட்டையில் பிடித்து இழுத்திருக்கிறாள். கண் மேலே போய் வாயால் நுரை வந்ததாம். அவள் அழுதுகொண்டு சைக்கிள் பூட்டின் திறப்பை என் கைக்குள் வைத்து அமத்தினாளாம். வலிப்பென்றால் இரும்பு பிடிக்கக் கொடுக்க வேண்டுமாம், அவளுடைய அம்மா சொன்னதாம்.

தலைக்குள் இருக்கிற இரும்பு போதாதென்று கைக்குள்ளும் இரும்பு.

சிரிக்கத்தான் வேண்டும். சிரிப்பு வரேல்லை. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தா முகம் தண்ணிக்குள்ள. அவ்வளவுதான். அவ்வளவுதானே? எனக்குப் பயமா இருக்கு. குளிக்கப் போகப் பயம், கிணத்தடியில நிக்கப் பயம், படுக்கப் பயம்.

ஒருவரிடமும் சொல்ல மாட்டேன் என்று சுதாஜினி சாமி மேல் சத்தியம் செய்தாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் செய்தாள். இது மறைக்க வேண்டிய விசயம் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஒக்ரோபர் 4, சனி

இன்று வகுப்புக்குப் போகமாட்டேன் என்று நின்று, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கைக் காட்டினேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. காலமை சாப்பிடாமல் போனதால் வந்த மயக்கம் அது என்றார். சாப்பிட்டேன் என்றேன். வெயில் என்றார். நல்லதம்பி மாமாவைப் பற்றி, ராக்காயி பெரியம்மாவைப் பற்றி, ரீச்சர் சொன்னதைப் பற்றி, எல்லாம் சொன்னேன். சும்மா கிடக்கிற இடம் என்று ஒன்று இல்லை அம்மா, என்றேன்.

"அது ஒண்டுக்கும் உதவாத இடம்" என்றார். நான் மறுபடி தொடங்க மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாம் தரம் கத்தினார், பக்கத்து வளவு நாய் குரைக்கிற அளவுக்கு. "ஒண்டுக்கும் உதவாத இடம்டி அது!"

நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன்.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

அப்பாவுக்கு வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வரம்பில் இருந்து சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் வாய் திறந்தார்.

ஷெல் பட்ட அன்றைக்குப் பங்கருக்குள் நான் வீரிட்டுக் கத்தினேனாம். வெக்கை. நாலு குடும்பம் ஒரே குழிக்குள். மூச்சு முட்டுகிறது பிள்ளைக்கு என்று அம்மா என்னைத் தூக்கி வாசலில் காற்றுப் படப் பிடித்தாராம். உள்ளே வா என்று அப்பா சொல்ல, ஒரு நிமிசம் என்றாராம் அம்மா.

"அந்த ஒரு நிமிசத்த அவ இன்னும் முடிக்கல்ல மகள்" என்றார் அப்பா. சாப்பாட்டுப் பெட்டியை மூடி என் கையில் தந்துவிட்டு லாண்ட்மாஸ்ரரில் ஏறிப் போய்விட்டார்.

அவருக்கு இது பதினாறு வருசமாகத் தெரியும். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. துண்டு என் தலைக்குள். கதை அவர்களுக்குள்.

ஆக, அந்த ஆள் அம்மாவுக்குப் படிப்பித்தது மூளையைப் பற்றியே இல்லை. நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை அம்மா என்று சொல்லியிருக்கிறார். அதை யார் வந்து சொன்னாலும் அம்மா நம்பியிருப்பார். நான் இப்போது குளிசை கேட்டால் என்ன கேட்கிறேன்? உங்களால்தான் எனக்கு இப்படி என்று சொல்கிறேன். அவவுக்கு அப்படித்தான் கேக்கும்.

அம்மா பாவம். அதற்காக நான் வாய்க்காலுக்குள் சாக வேண்டுமா?

ஒக்ரோபர் 8, புதன்

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன என்று பஸ் தரிப்பு வரை போனேன். பதினாறு வயது. கிளினிக் கொப்பி அம்மாவிடம். பெரியவர் ஒருவரைக் கூட்டி வரச் சொல்வார்கள். திரும்பி வந்தேன்.

ஒக்ரோபர் 11, சனி

இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். ஒரு சொல்லும் கூட்டக்கூடாது.

மண்டபம் நிரம்பி வெளியிலும் கதிரை போட்டிருந்தார்கள். அதிபர் முன்வரிசையில். கிருசாந்தி ரீச்சர் மூன்றாவது வரிசையில், மடியைப் பார்த்தபடி. அம்மா கலியாணவீட்டுச் சேலையோடு. எனக்கு முன்னால் ஏழு பேர் வாசித்தார்கள். பச்சை, மஞ்சள், திருக்குறள் ஒன்று. கைதட்டல்.

கடைசியாக என்னை ஏற்றினார். இந்தப் பிள்ளையின் மூளைக்குள் பதினாறு வருசமாக இரும்பு இருக்கிறது என்று சொல்லி என் தலையைத் தொட்டுக் காட்டினார். தொட்டது வலப்பக்கம். எது எந்தப் பக்கம் என்றுகூட அந்த மனிதனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது.

கண்ணைக் கட்டிவிட்டு, மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்து, "அந்த இரும்பால உமக்கு ஏதும் கஷ்டம் இருக்கோ மகள்?" என்று கேட்டார். இல்லை சேர் என்று சொல்ல வேண்டும். இன்று காலை மூன்று தரம் பழக்கியிருந்தார்.

நான் துணியை இழுத்துக் கழற்றினேன்.

"ஓம், இருக்கு. எனக்கு வலிப்பு வாறது. ஒரு மாசமா குளிசை தரேல்லை. பத்து நாளைக்கு முந்தி வாய்க்காலுக்குள்ள விழுந்தனான். இந்தத் துணிக்குக் கீழால எல்லாருக்கும் அட்டை தெரியும். தூங்கிற இடம் எண்டு மூளையில ஒண்டும் இல்லை."

இனி முடிந்தது, இந்த ஆளைத் துரத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அவர் மைக்கைத் தன் பக்கம் எடுத்தார். சிரித்தார்.

"பாத்தீங்களா? ஒரு மாசத்துக்கு முதல் இந்தப் பிள்ளை இப்படி ஒரு சபையில வாய் திறந்திருக்குமா? இதுதான் விழிப்பு. குளிசையில தூங்கின மூளை இண்டைக்கு உங்களோட கதைக்குது."

கை தட்டினார்கள்.

கை தட்டினார்கள்! சனம் எழும்பி நிண்டு கை தட்டுது. நான் என்ன சொன்னனான்? தமிழிலதானே சொன்னனான்? அதிபர் தட்டுறார். சுதாஜினி தட்டுறாள், என்னை வாய்க்காலுக்குள்ளால இழுத்தெடுத்த அதே கையால. ரீச்சர் மற்றவர்களைப் பார்த்துவிட்டு மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். அதை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். இந்த ஊரில் அவ்வளவு தலையும் முழுதாக வேலை செய்கிறது, ரீச்சரே சொன்னார். அவ்வளவையும் வைத்துக்கொண்டு இதைத்தான் செய்கிறார்கள்.

ஒருவர் மட்டும் தட்டவில்லை. அம்மா. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

அப்பா விடிய முதலே வயலுக்குப் போய்விட்டார், அம்மா நேற்றைய சேலையைத் தோய்த்துக் கொடியில் போட்டார்.

ஒக்ரோபர் 13, திங்கள்

பள்ளிக்கூடத்தில் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். எழுதமாட்டேன். அந்தச் சேர் அடுத்த மாதம் துணுக்காய்ப் பக்கம் வகுப்புத் தொடங்குகிறாராம். நோட்டீசில் என் படம் இருக்கிறதாம், கண்கட்டோடு.

கிருசாந்தி ரீச்சர் எதிரே வந்தார். நான் வணக்கம் சொல்லவில்லை.

ஒக்ரோபர் 15, புதன்

நேற்று அம்மா என்னை விட்டுவிட்டு ராக்காயி பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். எதற்கு என்று சொல்லவில்லை. சேலைத் தலைப்பில் மண். எறிவாங்கியிருக்க வேண்டும்.

ராத்திரி பாயை என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார். அதனால் இதைக் காலையில், அவர் முற்றம் கூட்டும்போது எழுதுகிறேன். படுத்த பிறகு இருட்டுக்குள் கேட்டார், வரப்போகிறதென்று உனக்கு முதலே தெரியுமா என்று. சில நேரம் வாயில் ஒரு கசப்பு வரும் என்றேன். எவ்வளவு நேரத்துக்கு முதல் என்று கேட்டார். ஒரு நிமிசம் என்றேன்.

அதற்குப் பிறகு அம்மா நித்திரை கொள்ளவில்லை.

ஒக்ரோபர் 20, திங்கள்

தீபாவளி. மற்ற வருசங்களில் ஆறேழு வீட்டுப் பலகாரத் தட்டு வரும். இன்று இரண்டுதான் வந்தது. தன் மகனுக்கு என்னைக் கேட்கலாம் என்று பகிடியாகச் சொல்லித் திரிந்த அயல்வீட்டு மாமி எங்கள் படலையைத் தாண்டி நேரே போனார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா முறுக்கை ரின்னுக்குள் போட்டு மூடினார். "வராதவை வராமல் இருக்கட்டும். வியாழக்கிழமை கிளினிக். பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுது, நான் கையெழுத்து வைக்கிறன்."

ஒக்ரோபர் 23, வியாழன்

ஆறு மணி பஸ்ஸில் போனோம். பதினொன்றரைக்கு எங்கள் நம்பர் வந்தது. புது டொக்டர், இளம் பெண். கொப்பியைப் புரட்டி, எப்போது பட்டது, எப்படிப் பட்டது என்று முதலிலிருந்து கேட்டார். இவ்வளவு வருசமும் அம்மா இந்தக் கேள்விக்குச் சண்டையிலை பட்டது டொக்டர், என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை.

இன்று சொன்னார். எந்த நாள், எத்தனை மணி, குழிக்குள் எத்தனை பேர், நான் எப்படிக் கத்தினேன், எந்தக் கையில் தூக்கினார், அப்பா என்ன சொன்னார், தான் என்ன சொன்னார். பிறகு குளிசையை நிறுத்தியதையும் சொன்னார். யார் நிறுத்தச் சொன்னது என்று டொக்டர் கேட்க, "ஆர் சொன்னாலும் நிப்பாட்டினது நான்தான்" என்றார். டொக்டர் எழுதுவதை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். ஏசவில்லை. படத்தை வெளிச்சத்தில் மாட்டி, இந்த இடம்தான் சொல்லையும் பேச்சையும் பார்த்துக்கொள்கிற இடம் என்று பேனையால் காட்டினார். அம்மா எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

குளிசை திரும்பத் தொடங்கியிருக்கிறது. முந்தியதைப் போல உடனே பிடிக்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அந்த ஆளின் நோட்டீஸ் பஸ் நிலையச் சுவரிலும் ஒட்டியிருந்தது. அம்மா பார்த்தார், நான் பார்த்தேன், ஒருவரும் கிழிக்கவில்லை. நேரமில்லை, பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

கரடிப்போக்குத் தாண்டிய பிறகு அம்மா என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"என்னில கோவமோ?"

இல்லை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் திரும்பவும் பொய்யிலிருந்து தொடங்க வேண்டும்.

"ஓம்" என்றேன்.

அம்மா தலையாட்டினார். கொஞ்ச நேரம் கையிலிருந்த மருந்துப் பையை மடித்து மடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, நடைபாதைக் கரையில் இருந்த என்னை யன்னல் பக்கம் தள்ளி இருத்திவிட்டு, தான் கரையில் இருந்து, முன் கதிரைக் கம்பியைக் கையால் குறுக்கே பிடித்துக்கொண்டார்.

"வந்தா என்ர பக்கம் விழு."